தாலிக் கயிறும் சங்கு வளையலும்
ஒரகடத்துப் பெண்களுக்கு ஏற்ற நகை எது?

ஒரகடம் கூட்டு ரோட்டில் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்கள் வந்துவிடுகின்றன. அவற்றில் ஏறும் பெண்களைப் பாருங்கள். காதில் ஒரு சின்னத் தோடு இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. கையில் வளையல் இல்லை. விரலில் மோதிரம் இல்லை. கொலுசுச் சத்தமும் கேட்காது.

வறுமையா? இல்லை. போட்டுக்கொண்டு போனாலும் பல ஆலைகளில் வாசலிலேயே கழற்ற வேண்டும்!

ஏன் கழற்ற வேண்டும்?

இது வீண் கெடுபிடி அல்ல. ஓடும் இயந்திரத்தில் மோதிரம் சிக்கினால் விரலே போய்விடும். பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வளையல் பட்டால், நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். புதுக் காரின் வண்ணத்தில் மோதிரக் கல் உரசினால் கீறல் விழும். செல்போன் உறுப்புகளோ இன்னும் மென்மையானவை. உலோகம் பட்டால் கெட்டுப் போகலாம்.

வளையலைக் கழற்றலாம். ஆனால், தாலியை?

இங்கேதான் சங்கடம்! 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் செல்போன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று அது சொன்னது. குடும்பப் பொறுப்பு, பிரசவம் ஆகியவற்றோடு தாலியும் மெட்டியும்கூடக் காரணமாகச் சொல்லப்பட்டன. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாகச் சேர்த்தவர்களில் 25 சதவீதம் பேர் மணமான பெண்கள் என்று கம்பெனி அரசுக்குப் பதில் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. உலோகம் அணியக் கூடாது என்ற விதி ஆண், பெண், எந்த மதத்தார் ஆனாலும் ஒன்றுதான் என்றும் அது கூறியதாம்.

விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் அது நியாயமே. மெட்டியைக் கழற்ற ஒரு நிமிஷம் போதும். அதற்காக ஒருத்திக்கு வேலையே கிடையாது என்றால், அது எந்த ஊர் நியாயம்?

ஊருக்கு ஓர் அடையாளம்

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இந்தத் தொழிற்பேட்டைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் மணமானவள் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு.

நமக்கு மஞ்சள் கயிற்றில் தாலி. ஆந்திரத்தில் இரண்டு வட்டப் பொட்டுகள். மராட்டியத்தில் கறுப்பு மணி கோத்த மங்கலசூத்திரம். வங்காளத்தில் அடையாளம் கழுத்தில் இல்லை, கையில்! வெள்ளைச் சங்கு வளையல், சிவப்பு வளையல், கூடவே ஓர் இரும்புக் காப்பு. காஷ்மீரப் பண்டிதர் வீட்டு மருமகளுக்குக் காதிலிருந்து தோள்வரை தொங்கும் அணி. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள், கலியாணப் புடவையிலிருந்து நூல் உருவித் திரித்து, அதில் சிலுவைப் பொட்டு வைத்த மின்னு கட்டுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் கொரிய நாட்டுக் கம்பெனிகளும் இருக்கின்றன. அந்த நாட்டின் பழைய வழக்கம் என்ன தெரியுமா? கன்னிப் பெண் பின்னல் போடுவாள். மணமானவள் கொண்டை போட்டு, அதில் ஒரு நீளக் குச்சியைச் செருகுவாள். அவ்வளவுதான்!

நூல், சங்கு, அரக்கு என்று பொன் இல்லாத அடையாளங்கள் எத்தனை! நம் ஊரிலேயே, தாலிப் பொன் அடகுக் கடைக்குப் போன காலத்தில், கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்திய தாய்மார்கள் உண்டு. அவர்களை யாரும் குறை சொன்னதில்லை. வேலை நேரத்தில் பொன்னைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கயிற்றோடு போனால் என்ன? ஆனால் முடிவு அவரவருடையது. மாமியார் சொல்ல வேண்டியதும் அல்ல, மேஸ்திரி சொல்ல வேண்டியதும் அல்ல.

பண்டிகைக்கு எது?

ஞாயிற்றுக்கிழமைக்கும் தீபாவளிக்கும் யார் தடை? வட்ட முகத்துக்கு நீளத் தொங்கல் எடுப்பாக இருக்கும். நீண்ட முகத்துக்கு அகன்ற தோடு. குட்டைக் கழுத்துக்கு நீளச் சங்கிலி. நெடுங்கழுத்துக்கு அட்டிகை. கண்ணாடி முன் நின்று பார்த்தால் தானே தெரிந்துவிடும்.

பக்கத்துக் கட்டில் தோழியின் ஊர் நகையையும் பாருங்கள். ஒடிசாவின் கட்டாக் நகரில் வெள்ளியை மயிரிழைபோல் இழுத்துப் பின்னிப் பூவும் மயிலும் செய்கிறார்கள். அந்த வேலைக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்வைக்குப் பெரிது, காதுக்குப் பாரமில்லை. அசாமில் பிறை வடிவப் பதக்கம் பிரசித்தம். உள்ளே அரக்கு, மேலே மெல்லிய பொன் தகடு. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை, சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்தது. பரதநாட்டிய மேடையில் பார்த்திருப்பீர்கள்.

இவை அழகுக்கு வாங்க வேண்டியவை. ஆபத்துக்கு உதவும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். வேலைப்பாட்டுக்குக் கொடுத்த கூலி விற்கும்போது திரும்பி வராது.

முதல் சம்பளத்தில் நகை

சேமிப்புக்கு என்றால் கல் இல்லாத, வேலைப்பாடு குறைந்த நகையே நல்லது. கல் வைத்ததை வாங்கினால், கல் எடை தனி, பொன் எடை தனி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேரம் பேச வெட்கப்பட வேண்டாம்.

916 என்ற முத்திரை இருந்தால் அது 22 காரட். நூறு பங்கில் 91.6 பங்கு தங்கம் என்று பொருள். 750 என்றால் 18 காரட். ஹால்மார்க் கட்டாயம் என்ற விதி 2021 ஜூனில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக விரிந்து வருகிறது. முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த 6 குறிகள் இருக்கும். அவற்றைச் செல்போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், நகையின் விவரம் வந்துவிடும்.

மலிவு விலைத் தோடு போட்டுக் காது புண்ணாகிறதா? பெரும்பாலும் அதில் கலந்த நிக்கலே காரணம். உடனே கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 

ஆலையில் கழற்றிய நகையைக் கைக்குட்டையில் முடிந்து வைக்காதீர்கள். மூடி இறுகிய சின்ன டப்பாவில் போட்டு, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள். ஷிப்டு முடிந்து எடுக்கும்போது எண்ணிப் பாருங்கள். முக்கியமாக, தோட்டின் திருகாணியை! முதலில் தொலைவது அதுதான்.