பாறுகளைக் கொன்றது எது?

திருக்கழுக்குன்றம் போய் வந்த பெரியவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. உச்சிவேளையில் மலைமேல் சர்க்கரைப் பொங்கலுடன் காத்திருப்பார்கள். எங்கிருந்தோ இரண்டு 'கழுகுகள்' வந்து அமுதுண்டு பறந்துபோகும். உண்மையில் அவை கழுகுகள் அல்ல, மஞ்சள்முகப் பாறுகள். இறந்த பிராணிகளைத் தின்னும் 'பிணந்தின்னிக் கழுகு' இனத்துக்கு நம் மொழியில் பாறு என்ற பழைய பெயர் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் அந்த வருகை நின்றுபோயிற்று. கலிகாலம் என்று சொல்லிக்கொண்டோம்.

இங்கே மும்பையில், மலபார் ஹில் டூங்கர்வாடியிலும் அதே கவலை. சடலத்தைப் பாறுகளுக்கு ஒப்படைப்பது பார்சி அன்பர்களின் மரபு. பறவைகள் வராமற்போகவே, சூரிய வெப்பத்தைக் குவிக்கும் சாதனங்களை அவர்கள் நிறுவ வேண்டியதாயிற்று.

இந்த வீழ்ச்சியை எண்ணிக் கணக்கிட்டவர், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் 1980-களில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் கூடு கட்டியதைக் கண்டவர் அவர். சுமார் பத்தாண்டு கழித்துப் போனபோது கூடுகள் காலியாக இருந்தன. எஞ்சிய பறவைகள் தலை தொங்கிச் சோர்ந்திருந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது.

ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் கருதினார்கள். புதிரை அவிழ்த்தவர் லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர். அவர் குழு பாகிஸ்தான் பஞ்சாபில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. நம் வெயிலில் சடலம் விரைவில் அழுகிவிடும். பரிசோதனைக்கு உகந்த பறவை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றின் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்படிவம். அது யூரிக் அமிலம். பெரியவர்களுக்குக் கால் கட்டைவிரலை வீங்கவைக்கும் 'கவுட்' நோய்க்குக் காரணமான அதே பொருள். பறவையின் சிறுநீரகம் கெட்டால் அது வெளியேற வழியின்றி உறுப்புகளின்மேல் படிந்துவிடும்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? வைரஸ், பாக்டீரியா, பூச்சிமருந்து, ஈயம் எல்லாவற்றையும் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: பாறு தின்பது செத்த மாட்டை, அந்த மாட்டுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? மருந்துக்கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்தபோது வந்த விடை டைக்ளோஃபினாக். நம் மூட்டுவலிக்கு டாக்டர் எழுதித்தரும் அதே மருந்து! சிறுநீரகம் பழுதாகி இறந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-லும் அது இருந்தது. 2004-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியாயிற்று.

எல்லா மாட்டிலும் விஷம் இருக்க வேண்டியதில்லை. ஒரே மாட்டின்மேல் பெருங்கூட்டமாக வந்து விழும் பறவை இது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சிருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். போதாததற்கு, இது ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை.

2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய ஊசிமருந்துப் புட்டிகள் மாட்டுக் கொட்டிலுக்குப் போயின. 2015-இல் புட்டியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மாட்டின் உடலில் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசிக்ளோஃபினாக்குக்கும், கீட்டோபுரோஃபனுக்கும் 2023 வரை தடை வரவில்லை. நம் நாட்டில் சட்டம் வருவதற்கும் பழக்கம் மாறுவதற்கும் இடையில் எத்தனை பறவைகள் போயினவோ!

பறவைகள் மட்டுமா? தின்ன ஆளில்லாமல் சடலங்கள் அழுகின, நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் இதனால் கூடுதலாகப் போயிருக்கலாம் என்பது 2024-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வின் மதிப்பீடு.

ஹரியானாவின் பிஞ்சோரில் இதே கழகமும் மாநில வனத்துறையும் கூண்டில் பாறுகளை வளர்த்து இனப்பெருக்கம் செய்கின்றன. 2020-இல் அங்கிருந்து எட்டு வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டார்கள். தமிழகத்தில் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் அவை தாமாகவே கூடு கட்டுகின்றன.

மே விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வீட்டு மாடு காய்ச்சலில் படுத்திருந்தால், மருத்துவரிடம் மெலாக்ஸிகம் கேளுங்கள். மாட்டின் வலிக்கும் அது கேட்கும், பாறுக்கும் தீங்கில்லை என்று 2006-லேயே சோதித்து அறிந்திருக்கிறார்கள். வேறு வலிமருந்து போட்ட மாடு இறந்துபோனால், வெட்டவெளியில் போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடச் சொல்லுங்கள்.