பிச்சையல்ல, உரிமை

எமது பிள்ளைகள் காலையில் புத்தகப்பையோடு பொதுப் பாடசாலைக்குப் போகிறார்கள். கட்டணம் கட்டத் தகப்பனிடம் வசதி உண்டா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. இந்த உரிமை எந்த நாட்டிலும் தானாக வந்ததல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இதற்காக வாதாடிய ஒருவரை இம்முறை அறிமுகம் செய்கிறோம்.

தடேயஸ் ஸ்ரீவன்ஸ் 1792இல் வேர்மொன்ற் மாநிலத்தில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கால் ஊனம். சப்பாத்துத் தைக்கும் தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சாராதான் நான்கு ஆண்பிள்ளைகளையும் பாடுபட்டு வளர்த்து, இவரைப் படிக்கவும் வைத்தார். 1816இல் கெற்றிஸ்பேர்க் நகரில் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கிய அவர், 1833இல் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார்.

அங்கே 1809ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம்மை ஏழைகள் என்று பதிந்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கே இலவசப் படிப்பு. மானத்துக்கு அஞ்சிப் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. 1834இல் எல்லோருக்குமான பொதுப் பாடசாலைச் சட்டம் வந்தது. உடனே வரிச்சுமை என்று எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டே அதை நீக்க மேற்சபை வாக்களித்தது.

1835 ஏப்ரல் 11ஆம் திகதி கீழ்ச்சபையில் ஸ்ரீவன்ஸ் எழுந்தார். ஏழைப் பிள்ளைகளைத் தனியே பெயர் எழுதுவது அவர்களுக்குச் சூடு போடுவதற்குச் சமம் என்றார். பாடசாலையால் பயனில்லாதவன் ஏன் வரி கட்டவேண்டும் என்பதற்கும் பதில் இருந்தது: குற்றமே செய்யாதவனும் நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் வரி கட்டுகிறானே! இதைச் சொன்னவர் திருமணமே செய்யாதவர். அந்தப் பேச்சால் சபை மனம் மாறியது, சட்டம் தப்பியது.

1849இல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன அவர், அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கும், சட்டத்தின் சமபாதுகாப்பைத் தந்த 14ஆம் திருத்தத்துக்கும் முன்னின்று உழைத்தார். 1868 ஆகஸ்ட் 11இல் காலமானார். லங்கஸ்ரர் நகரின் பெரிய மயானங்கள் கறுப்பினத்தவரை ஏற்காததால், எவரையும் ஏற்கும் சிறிய மயானமொன்றையே தமக்குத் தெரிந்தெடுத்திருந்தார்.

மொழி தெரியாதே, நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்று பெற்றோர் கூட்டங்களுக்குப் போகாமலும், பாடசாலை தரும் உதவியைக் கேட்காமலும் இருப்போர் எம்மிடையே உண்டு. அன்று அந்தப் பெற்றோரைத் தடுத்ததும் இதே கூச்சம்தான். அதன் விலையைப் பிள்ளைகளே கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு நாம் போவோம்; தெரிந்த நாலு சொல்லில் கேட்போம்.