துணையோடு மிதிப்போம்

மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர் நம் திருச்சிராப்பள்ளி. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் இராஜகோபுரம் நான்கைந்து கிலோமீட்டர்தான். மிதிவண்டியில் நிதானமாகச் சென்றாலும் அரை மணிக்குள் காவிரியைக் கடந்து போய்ச் சேரலாம். எரிபொருள் வேண்டாம், புகை இல்லை, ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆயினும் மாணவியராகிய நம்மில் பலருக்கு வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை. சாலை நெரிசலை எண்ணிப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், மிதிவண்டியைக் கைவிடுவதுதான் அதற்கு மருந்தா?

நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையைப் பார்ப்போம். அங்கே 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. இதற்கு ஊக்கமளித்தவர் அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வயலில் உழைப்போர், கல்குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலரும் கற்றனர். வண்டி வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிய தாய்மாரும் உண்டு. தொடக்கத்தில் கேலி பேசியவர்கள் இல்லாமலில்லை. ஆனால், 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் அணிவகுத்தபோது, ஊரே வியந்து நின்றது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. ஒருத்தி தனியே ஓட்டினால் அது வேடிக்கை. பலர் ஓட்டினால் அது வழக்கம். மிதிவண்டிகள் மிகுந்த ஊர்களில் அவற்றை ஓட்டுவோருக்கு விபத்து நேரும் வாய்ப்புக் குறைவதாக வெளிநாட்டு ஆய்வுகளும் கூறுகின்றன. அடிக்கடி கண்ணில் படுவோரைப் பிற வாகன ஓட்டிகள் எதிர்பார்த்து ஓட்டப் பழகுவதே காரணம் என்பர்.

துணை மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். புறப்படுமுன் பிரேக், மணி, காற்று மூன்றையும் சோதிப்போம். தாவணியும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி இறுகச் செருகிக்கொள்வோம். தலைக்கவசம் அணிவோம். இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்வோம். நிறுத்தத்தை நெருங்கும் பேருந்தின் இடப்பக்கம் நுழையவே கூடாது. அங்கே நாம் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். நின்றிருக்கும் காரின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். ஆதலால் ஒரு கை தூரம் விலகிச் செல்வோம். திரும்புமுன் பின்னே பார்த்துக் கைகாட்டுவோம். மாலை இருட்டுமானால் விளக்கு அவசியம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நெரிசலில்லாத ஒரு ஞாயிறு காலையில் எங்களோடு பள்ளி வரை வந்து, எந்தத் திருப்பம் ஆபத்தானது என்று காட்டுங்கள். ஒரே தெருவில் வசிக்கும் மாணவியர் சேர்ந்து புறப்பட ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியருகே வேகத்தைக் குறைக்கவும், சாலையோரத்தில் வண்டிகளை நிறுத்தி வழியை அடைக்காதிருக்கவும் மாநகராட்சியையும் காவல்துறையையும் ஒன்றுகூடிக் கேட்போம்.

கல்குவாரியில் உழைத்த சகோதரிகளுக்கு முடிந்தது நமக்கு முடியாதா? தெருவுக்கு நால்வராகத் தொடங்குவோம். அடுத்த ஆண்டு நாற்பதாவோம்.