"ஆம்லெட், வெள்ளரிக்காய்!" என்று கிண்டல் அடித்த கோச், 4 கோல் வாங்கிய கதை
கல்கத்தா ரசிகர்கள் இடையே இன்னும் ஓயாத சர்ச்சை

எதிர் அணி ஆட்டக்காரர்களின் பெயரை வைத்து ஒரு கோச் கிண்டல் அடித்தார். அதை பேப்பர்கள் போட்டன. ஊரே சிரித்தது. பிறகு ஆட்டம் நடந்தது. கிண்டல் அடித்தவரின் அணிக்கு 4 கோல் விழுந்தது!

இது நடந்தது 1997-ம் ஆண்டு ஜூலை 13-ந்தேதி. இடம், கல்கத்தா சால்ட் லேக் மைதானம். மோதியவை, ஜென்ம பகையாளிகளான மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால்.

கால் நூற்றாண்டு கடந்து விட்டது. ஊரின் பெயரும் 2001-ல் கொல்கத்தா என்று மாறி விட்டது. ஆனால் இரண்டு அணிகளும் மோதும் நாள் வந்தால் டீக்கடை பெஞ்சில் அந்த பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்து விடுகிறது.

கோச் வாயை அடக்கி இருந்தால் ஜெயித்து இருப்பாரா? இல்லை, அவர் பேசியது சும்மா ஒரு தமாஷா? ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுகிறார்கள்.

பெயரை வைத்து கேலி

கிண்டல் அடித்தவர் அமல் தத்தா. அப்போது மோகன் பகானின் கோச். பெடரேஷன் கோப்பை அரை இறுதியில் ஈஸ்ட் பெங்காலுடன் மோத வேண்டும்.

ஈஸ்ட் பெங்காலில் கென்யா நாட்டு ஆட்டக்காரர் ஒமோலோ இருந்தார். தடுப்பு ஆட்டத்தில் சுவர் மாதிரி நிற்பவர். அவரை "ஆம்லெட்" என்றார் தத்தா.

சோசோ என்று ஓர் ஆட்டக்காரர். வங்காளத்தில் வெள்ளரிக்காய்க்கு "ஷொஷா" என்று பெயர். அவ்வளவுதான், சோசோ வெள்ளரிக்காய் ஆகி விட்டார்!

சிக்கிம் மாநில இளைஞர் பைச்சுங் பூட்டியாவையும் தத்தா விடவில்லை. அவர் பெயரையும் திரித்து கேலி செய்தார். பைச்சுங்குக்கு அப்போது வயது 20.

மோகன் பகான் ரசிகர்களுக்கு கொண்டாட்டம். ஆபீசிலும் பஸ்சிலும் "என்னப்பா, ஆம்லெட் ரெடியா?" என்கிற ரீதியில் எதிர் முகாமை சீண்டினார்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பல்லைக் கடித்துக் கொண்டார்கள்.

யார் இந்த இரண்டு பேர்?

அமல் தத்தா லேசுப்பட்ட ஆள் அல்ல. ஆட்டக்காரராக இருந்தவர். இங்கிலாந்துக்கு போய் கோச்சிங் படித்து வந்தவர். மற்றவர்கள் ஒரு உத்தியோகத்தில் இருந்துகொண்டு பயிற்சி கொடுத்த காலத்தில், கோச்சிங்கையே முழு நேர தொழிலாக எடுத்துக் கொண்டவர். இந்தியாவில் அப்படி செய்த முதல் ஆள் இவர்தான் என்று சொல்வார்கள்.

1997-ல் "வைர வியூகம்" என்று ஒரு புது ஆட்ட முறையை கொண்டு வந்தார். வைர வடிவில் ஆட்களை நிறுத்தி, அலை அலையாக முன்னேறி தாக்க வேண்டும். கோல் மேல் கோல் விழுந்தது. கால் இறுதியில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியை 6-0 என்று துவைத்து எடுத்தது மோகன் பகான். "வைரம், வைரம்" என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு.

எதிரில் இருந்தவர் பி.கே.பானர்ஜி. 1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு கேப்டன். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர். ஆடிய காலத்தில் ஈஸ்டர்ன் ரெயில்வே அணியை விட்டு நகராதவர். கோச் ஆன பிறகுதான் இரண்டு பெரிய கிளப்புகளுக்கும் மாறி மாறி போனார்.

பி.கே.யின் ஆயுதமும் பேச்சுதான். ஆட்டத்துக்கு முன்பு டிரெசிங் ரூமில் ஆட்டக்காரர்களை உட்கார வைத்து உருக்கமாக பேசுவார். அழ வைப்பார், ரோஷம் ஊட்டுவார். இதற்கு கல்கத்தாவில் "வோக்கல் டானிக்" என்றே பெயர். வாய் வழியாக கொடுக்கும் டானிக்!

ஆக, வாய் வல்லமையில் இருவரும் சளைத்தவர்கள் அல்ல. ஒருவர் வெளியே பேப்பர்காரர்களிடம் பேசினார். மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் பையன்களிடம் பேசினார். வித்தியாசம் அதுதான்.

இறாலும் உல்லமும்

இந்த பகை இன்று நேற்று வந்தது அல்ல.

மோகன் பகான் 1889-ல் தொடங்கிய கிளப். 1911-ல் ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் வெள்ளைக்கார பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து, நாட்டையே தலைநிமிர வைத்தது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது.

மேற்கு வங்காளத்தின் பூர்வீக குடிகள் பெரும்பாலும் மோகன் பகான் பக்கம். இவர்களுக்கு "கோட்டி" என்று பெயர். கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள் "பாங்கால்". இவர்கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம். 1947-ல் நாடு பிரிந்தபோது வீடு வாசலை விட்டு லட்சக்கணக்கில் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். போன இடத்தில் எல்லாம் ஏளனம். இந்த கிளப் ஜெயிக்கும் அன்று மட்டும் தாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

பகை மீன் மார்க்கெட் வரை போகும். மோகன் பகான் ஜெயித்தால் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் "இலிஷ்". நம் ஊரில் உல்லம் என்கிறோமே, அந்த மீன். எந்த அணி ஜெயித்தது என்று தெரியாவிட்டால் பேப்பர் பார்க்க வேண்டாம், மீன் விலையை கேட்டால் போதும் என்பது அந்த ஊர் தமாஷ்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கோச் வாய் திறந்து எதிரியை கிண்டல் அடித்தால் என்ன ஆகும்? வைக்கோல் போரில் பீடித்துண்டு விழுந்த மாதிரிதான்.

1 லட்சத்து 31 ஆயிரம் பேர்!

அன்று மைதானத்துக்கு வந்த கூட்டம் 1 லட்சத்து 31 ஆயிரத்து 781 பேர் என்பது கணக்கு. இந்தியாவில் ஒரு விளையாட்டு போட்டிக்கு இவ்வளவு பேர் கூடியது இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

மூன்று அடுக்கு காலரியும் நிரம்பி வழிந்தது. பிற்பாடு 2017-ம் ஆண்டு ஜூனியர் உலக கோப்பைக்காக மைதானத்தை மாற்றி அமைத்து, தனித்தனி நாற்காலி போட்டு விட்டார்கள். இனி அந்த கூட்டத்தை அங்கே உட்கார வைக்கவே முடியாது.

ஆட்டம் தொடங்கியது. மோகன் பகான் வழக்கம்போல் முன்னேறித் தாக்கியது. ஆனால் எல்லோரும் முன்னால் போனால் பின்னால் காலி. அந்த காலி இடத்தில்தான் ஈஸ்ட் பெங்கால் புகுந்தது.

நசிமுல் ஹக் முதல் கோல். இடைவேளைக்கு பிறகு பைச்சுங் இரண்டாவது கோல். மோகன் பகானின் நைஜீரியா வீரர் சீமா ஒகோரி ஒரு கோலை திருப்பினார். 2-1. பச்சை - மெரூன் கொடிகள் மறுபடி எழுந்தன. அடடா, வைரம் ஜொலிக்கப் போகிறது என்று பார்த்தால், பைச்சுங் இன்னும் இரண்டு கோல் அடித்து கதையை முடித்து விட்டார்.

ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. பெயரை கேலி செய்தாரே, அந்த பையன்தான் "ஹாட்ரிக்" அடித்தார்!

வாதம் 1: வாயால் கெட்டார்

ரசிகர்களில் ஒரு கட்சி தத்தாவை கூண்டில் ஏற்றுகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பது இவர்கள் கட்சி. சும்மா இருந்த பசங்களை சீண்டி விட்டார், பி.கே.யின் டானிக்குக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததே இவர்தான். எதிர் அணி கோச் ரோஷம் ஊட்ட வேண்டிய வேலையை இவரே இலவசமாக செய்து கொடுத்தார் என்கிறார்கள்.

பி.கே. பதிலுக்கு பதில் பேசாமல், அந்த கிண்டலையே தன் ஆட்டக்காரர்களுக்கு டானிக்காக கொடுத்தார் என்பது கல்கத்தாவில் வழிவழியாக சொல்லப்படும் கதை.

வாதம் 2: கூட்டம் சேர்த்தார்

இன்னொரு கட்சி தத்தாவுக்கு வக்கீல். ஒரு அரை இறுதி ஆட்டத்துக்கு ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல் ஜனம் வந்தது எப்படி? டி.வி.யில் வெளிநாட்டு ஆட்டங்களை பார்க்க ஆரம்பித்து விட்ட ஜனங்களை மறுபடி மைதானத்துக்கு இழுத்தது தத்தாவின் வாய்தான் என்கிறார்கள்.

அதுமட்டும் அல்ல. கோச் இப்படி கோமாளித்தனம் செய்தால் பேப்பர்காரர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள். ஆட்டக்காரர்கள் நிம்மதியாக பயிற்சி செய்யலாம். பாரத்தை தன் தலையில் சுமந்தார், தோற்றதும் வசவையும் தானே வாங்கிக் கொண்டார் என்பது இவர்கள் வாதம்.

வாதம் 3: வியூகம்தான் ஓட்டை

மூன்றாவது கட்சி கொஞ்சம் ஆட்டம் தெரிந்தவர்கள். பேச்சுக்கும் கோலுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். பைச்சுங் மாதிரி வேகக்காரன் இருக்கும்போது பின்னால் ஆள் வைக்காமல் முன்னேறினால், வாய் பேசாத ஊமை கோச்சுக்கும் 4 கோல்தான் விழும். தத்தா அன்று ஜெயித்து இருந்தால் இதே கிண்டலை "மனோதத்துவ யுத்தம்" என்று புகழ்ந்து இருப்பார்கள் என்பது இவர்கள் கேள்வி.

இதில் நியாயம் இருக்கிறது. அந்த ஈஸ்ட் பெங்கால் அணி அடுத்து இறுதி ஆட்டத்தில் கோவாவின் சல்காவ்கர் அணியிடம் 2-1 என்று தோற்றது. ரோஷம் ஒரு நாளைக்குத்தான் போலிருக்கிறது! அதே பருவத்தில் தேசிய லீக் பட்டத்தை வென்றது மோகன் பகான்தான்.

வாதம் 4: தமாஷா, அவமானமா?

நாலாவது கேள்வி, இப்போது அதிகம் கேட்கப்படுகிறது. தத்தா கிண்டல் செய்தது யாரை? கென்யாவில் இருந்து பிழைக்க வந்த ஒருவரை. சிக்கிமில் இருந்து வந்த சின்ன பையனை. ஆட்டத்தை குறை சொல்லலாம், வியூகத்தை நக்கல் அடிக்கலாம். ஒருவனுக்கு அப்பன் ஆத்தா வைத்த பெயரை திரித்து சிரிப்பது எதில் சேர்த்தி?

அந்த காலத்தில் இது கல்கத்தா டீக்கடை அரட்டையின் ருசி, யாரும் தப்பாக எடுத்துக் கொள்வது இல்லை என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். சிரித்தது யார், சிரிக்கப்பட்டது யார் என்று பார்க்க வேண்டும் என்று சின்னவர்கள் மடக்குகிறார்கள். இந்த வாதத்தில் சின்னவர்கள் கைதான் ஓங்கி இருக்கிறது.

16 உயிர் போன கதை

இதை வெறும் தமாஷ் என்று தள்ளிவிட முடியாததற்கு வேறு காரணமும் உண்டு.

1975-ம் ஆண்டு ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்தது. அன்றும் ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே.தான். அந்த தோல்வியை தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் தன் உயிரையே மாய்த்துக் கொண்டார்.

1980-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகள் மோதின. மைதானத்துக்குள் ஆட்டக்காரர்கள் முட்டிக்கொண்டார்கள். காலரியில் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் பிணமாக வீடு திரும்பினார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ந்தேதியை கால்பந்து ரசிகர்கள் தினமாக கல்கத்தா நினைவு கூர்கிறது.

17 ஆண்டு கழித்து, அதைவிட பெரிய கூட்டம் சால்ட் லேக்கில் கூடியது. உள்ளே ஒரு பக்கம் கிண்டலில் மிதந்த கூட்டம், மறுபக்கம் கிண்டல் பட்ட கூட்டம். 1980 மாதிரி ஒரு துயரம் அன்று நடக்கவில்லை. அது நல்ல காலம்.

கோச் அடிக்கும் ஜோக், பேப்பரில் ஒரு வரி. காலரியில் அது ஒரு கோஷம். கேட் வாசலில் அதுவே கல்லாக மாறலாம். ஒரு லட்சம் பேருக்கு முன்னால் பேசுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தோளோடு தோள்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந்தேதி டுராண்டு கோப்பையில் இரு அணிகளும் மோத வேண்டியது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கற்பழித்து கொல்லப்பட்ட சம்பவத்தால் நகரமே கொந்தளித்துக் கொண்டிருந்த நேரம். பாதுகாப்பு காரணம் சொல்லி ஆட்டத்தை ரத்து செய்து விட்டார்கள்.

ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. மழையில் நனைந்தபடி சால்ட் லேக் மைதானம் அருகே திரண்டார்கள். பச்சை - மெரூன் சட்டையும், சிவப்பு - மஞ்சள் சட்டையும் ஒன்றாக நின்று அந்த பெண்ணுக்கு நியாயம் கேட்டு கோஷம் போட்டன. இறாலும் உல்லமும் அன்று ஒரே சட்டியில்!

அமல் தத்தா 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் 86 வயதில் காலமானார். பி.கே.பானர்ஜி 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 83 வயதில் காலமானார். பெயர் கேலி செய்யப்பட்ட பைச்சுங், 1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்கு ஆடப் போனார். பிறகு பல ஆண்டுகள் இந்திய அணிக்கு கேப்டனாக இருந்தார்.

அந்த ஆட்டத்தை பார்த்தவர்களுக்கு ஸ்கோர் இன்னும் மறக்கவில்லை, கிண்டலும் மறக்கவில்லை. அடுத்த மோதலுக்கு டிக்கெட் விற்கத் தொடங்கியதும் டீக்கடையில் யாராவது ஒருவர் "ஆம்லெட்" என்று ஆரம்பிப்பார். மற்றதை பெஞ்சில் இருப்பவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.