புலியின் இருப்பிடம் யார் கையில்?

கர்நாடகத்தில் கொள்ளேகாலை அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் புலிகளைக் கணக்கெடுக்கிறவர்கள், காட்டுத்தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் கேமரா கட்டுகிறார்கள். புலிக்கு இரண்டு விலாவின் வரியும் வேறுவேறு என்பதால் இரண்டு கேமரா. குறுக்கே எது போனாலும் படம் விழும்; தேதியும் நேரமும் கூடவே பதியும். எந்த இடம் என்பது ஆய்வாளரின் குறிப்பில் ஜிபிஎஸ் எண்ணாக இருக்கும். நகம் அளவு மெமரி கார்டும் அந்தக் குறிப்பும் ஒருவர் கையில் சேர்ந்தால், புலி எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பது அவருக்கு அத்துபடி. இதைக் காப்பது பல்கலைக்கழகக் கணினிப் பிரிவின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். திரட்டியவருக்கே முதல் பொறுப்பு என்பது என் கட்சி.

2013 ஜூலையில், மத்தியப் பிரதேசத்தின் பன்னா-211 என்ற ஆண் புலியின் கழுத்துப்பட்டை அனுப்பிய இருப்பிடத் தகவல், டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவன விஞ்ஞானி ஒருவரின் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்தது. புனேயிலிருந்து யாரோ அந்தக் கணக்கில் நுழையப் பார்த்தார்கள். மின்னஞ்சல் சேவை சந்தேகப்பட்டுத் தடுத்துவிட்டது. வேட்டைக் கும்பலின் வேலை என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும், இத்தனை வனக்காவலர்கள் காக்கும் ஒரு புலிக்கும் வெளியாளுக்கும் நடுவே நின்றது ஒரு பாஸ்வேர்டு.

வேட்டைக்காரனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கலாம். வீரப்பன் மாதேஸ்வரன் மலைக் காடுகளில் அது இல்லாமலே யானைகளைக் கொன்றான். 2025 ஜூனில் அதே மலையில் தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் மாண்டது, விஷம் வைத்த மாட்டுச் சடலத்தால்தான். எல்லாம் உண்மை. ஆனால் வீரப்பனுக்குக் காடு பழக அரை ஆயுள் ஆயிற்று. கழுத்துப்பட்டைத் தகவலோ முன்பின் காடு காணாதவனுக்கும் ஒரே இரவில் அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிடும். ஆராய்ச்சியைப் பகிரத்தானே வேண்டும் என்பது இன்னொரு வாதம். தாராளமாகப் பகிரலாம்: எத்தனை புலி, எத்தனை குட்டி என்று. எந்த மரத்தடி என்று சொல்லாததால் அறிவியலுக்கு ஒரு குறையும் வராது.

திருட்டு வெளியிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. கார்பெட் காட்டில் 2017இல் அரைகுறை ஆடையில் இருந்த ஒரு பெண் கேமராவில் பதிவானார். அந்தப் படத்தைச் சமூக ஊடகங்களில் பரப்பியவர்கள், அதைக் கையாளும் இடத்திலிருந்த தற்காலிக வன ஊழியர்களே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2024இல் வெளியிட்ட கட்டுரை இதைச் சொல்கிறது. கொதித்துப்போன ஊரார் கேமராக்களை உடைத்தார்களாம். பிலிகிரிரங்கன் மலையிலும் சோலிகர் பழங்குடியினர் காட்டோடுதான் வாழ்கிறார்கள். 2011இல் வன உரிமையும் பெற்றவர்கள். தேனெடுக்கப் போகிற அவர்களையும் கேமரா விட்டுவைக்காது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிபந்தனைகளோடு என்றாலும், ஆராய்ச்சிக்குச் சலுகை தருகிறது. சட்டம் நெகிழும் இடத்தில் ஆய்வாளரின் பொறுப்பு கூடுகிறது. ஆராய்ச்சி மாணவருக்கு இது கூடுதல் சுமைதான். ஆகவே, கார்டிலிருந்து கணினிக்குப் படம் ஏற்றும் அன்றைக்கே மனிதர் விழுந்த படங்களை அழிப்பதற்கும், திட்டத்தை விட்டுப் போகிறவரின் கணக்கை மூடுவதற்கும் ஆள், நேரம், பணம் மூன்றையும் நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே வழிகாட்டிப் பேராசிரியர் எழுதிவைக்க வேண்டும்.