மிதிவண்டியின் பின்விளக்கு: வாங்குவோரும் பெற்றோரும் அறிய வேண்டியவை

மிதிவண்டியில் பொருத்தும் சிறு விளக்குக்கு இரண்டு பணிகள் உண்டு. ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டுவது ஒன்று. ஓட்டுபவரை மற்றவர் கண்ணுக்குக் காட்டுவது மற்றொன்று. தமிழ்நாட்டுச் சாலைகளில் இரண்டாவது பணியே உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. ஏனெனில் நவம்பர் மாதத்தில் சென்னையில் மாலை 5.40 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிட, சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும் மாணவர்களும், ஆலையில் ஷிப்ட் முடிந்து வருவோரும், விடியுமுன் பால் கேனோடு கிளம்புவோரும் தெருவிளக்கு இல்லாத சாலையோரத்தில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி பிடிக்கும் என்று கொண்டால், உலர்ந்த சாலையிலேயே அந்தக் கார் நிற்பதற்கு 45 மீட்டர் வேண்டும், மழை நனைத்த சாலையில் அதைவிடவும் கூடுதலாக வேண்டும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி வரும் வாகனத்தின் வெளிச்சத்தில், கருநிற உடையணிந்த ஒருவர் பெரும்பாலும் அவ்வளவு தொலைவில் புலப்படுவதில்லை. ஆகவே கையிலுள்ள பணம் ஒரே ஒரு விளக்குக்குத்தான் போதும் என்றால், அது சிவப்புப் பின்விளக்காகவே இருக்க வேண்டும்.

புதிய மிதிவண்டிகளில் பிரதிபலிப்பான், அதாவது தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வில்லை, உரிய தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2020ஆம் ஆண்டு தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. நல்ல ஏற்பாடுதான் என்றாலும், பிரதிபலிப்பான் பிறருடைய விளக்கை நம்பியே வேலை செய்கிறது என்பதை மறக்கலாகாது: சேறு படிந்தால் அது மங்கிவிடும், எதிர்வரும் வாகனத்தின் முகப்பு விளக்கு பழுதுபட்டிருந்தாலோ வண்டி குறுக்குத் தெருவிலிருந்து நுழைந்தாலோ அதனால் பயன் குறைவு. தானே ஒளிரும் விளக்குக்கு அது துணையாகலாம், மாற்றாக முடியாது.

விற்பனை அட்டைகளில் பெரிதாக அச்சிடப்படும் ‘லூமன்’ என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. எல்இடி விளக்கு ஒரு வாட் மின்திறனுக்குச் சுமார் 100 லூமன் தருவதாகக் கொண்டால், 1,000 லூமனுக்கு 10 வாட் தேவைப்படும். உள்ளே இருப்பது 3.7 வோல்ட், 1,200 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் அதில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ நாலரை வாட்-மணிதான்; முழு வெளிச்சத்தில் அது அரைமணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே அதே அட்டையில் ‘1,000 லூமன், 8 மணி நேரம்’ என்று அச்சிட்டிருந்தால், இரண்டு எண்களும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. இந்தக் கணக்கைக் கடை வாசலிலேயே போட்டுப் பார்க்கலாம். பின்விளக்குக்கு இத்தகைய பெரிய எண்கள் தேவையும் இல்லை. சில பத்து லூமன் போதும், ஆனால் அது பக்கவாட்டிலும் தெரிய வேண்டும்.

நிலையாக எரிவது நல்லதா, மின்னுவது நல்லதா என்பதில் நாடுகளே வேறுபடுகின்றன. ஜெர்மனி மிதிவண்டியில் மின்னும் விளக்கை அனுமதிப்பதில்லை. பிரிட்டன் 2005 முதல், நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை மின்னும் விளக்கை ஏற்கிறது. மின்னுவது கவனத்தை ஈர்த்தாலும், வண்டி எவ்வளவு தொலைவில் எந்த வேகத்தில் போகிறது என்பதைக் கணிக்க நிலையான ஒளியே உதவுவதால், ஒன்றை நிலையாகவும் மற்றொன்றை மின்னும்படியும் இரண்டு பின்விளக்குகளை வைப்பது சிறந்தது. ஒன்று அணைந்தாலும் மற்றது காக்கும் என்பது கூடுதல் நன்மை.

மாற்று விளக்கின் தேவையும் இங்கேதான் எழுகிறது. யுஎஸ்பி வழியே மின்னேற்றும் விளக்குகள் பல, மின்கலம் தீரும்போது படிப்படியாக மங்காமல் சட்டென்று அணைந்துவிடும். பொத்தான் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கோ வெளிச்சம் குறைவானது எனினும், பையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் மின்னூட்டத்தை அதிகம் இழப்பதில்லை என்பதால் அவசரத்துக்கு ஏற்றது. ஆனால் அந்தப் பொத்தான் மின்கலத்தில் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரத்திசுவின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உருவாகி, இரண்டே மணி நேரத்தில் அந்தத் திசு கடுமையாக வெந்துபோகும். வெளியிலோ எச்சில் வடிவதும் இருமலும் மட்டுமே தெரியலாம். வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாதிருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுப்பது சேதத்தைக் குறைக்கும். தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதிக்கலாகாது. மின்கலப் பெட்டி திருகாணியால் மூடப்பட்ட விளக்கையே வாங்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

பொருத்தும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சீட்டுக்குக் கீழே கட்டிய விளக்கு, கேரியரில் புத்தகப் பையோ தண்ணீர்க் குடமோ ஏறியதும் முற்றிலும் மறைந்துவிடுகிறது. எனவே கேரியரின் பின்விளிம்பிலோ பின் மட்கார்டிலோ அதைப் பொருத்த வேண்டும். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றியபின், இருட்டில் ஐம்பது அடி எடுத்து வைத்துத் தள்ளி நின்று, கார் ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து, நேர் பின்னாலிருந்தும் சாய்வாகவும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து விரிசல் காண்பதால், மாதம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. மழைக்கு, எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்குவதைக் குறிக்கும் ‘ஐபிஎக்ஸ்4’ குறியீடாவது இருக்க வேண்டும்.

உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்சச் சில்லறை விலையும் இருப்பது சட்டப்படி கட்டாயம். அவை இல்லாத விளக்கு பழுதானால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. பொய்யான லூமன் கணக்கும், மழையில் அணைந்துபோகும் ‘நீர்புகா’ விளக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடத் தக்கவை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். இணைய வணிக நிறுவனம் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மின்கலம் வெடித்துக் காயம் நேர்ந்தால், விளக்கின் விலையோடு நில்லாமல், பொருளின் குறைபாட்டால் விளைந்த தீங்குக்கும் இழப்பீடு கோரலாம்.

விளக்கில்லாமல் சென்றவர் விபத்தில் சிக்கினால் இழப்பீடே கிடைக்காது என்று ஊரில் பலர் சொல்வது தவறு. மோதிய வாகனத்தின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு பெற, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும் உரிமை மிதிவண்டி ஓட்டியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உண்டு. பாதிக்கப்பட்டவரும் ஓரளவு கவனக்குறைவாக இருந்தார் என்று எதிர்த்தரப்பு மெய்ப்பித்தால், அந்த அளவுக்குத் தொகை குறையலாம், அவ்வளவுதான். இந்த வாதத்தை முறியடிக்க, எரிந்துகொண்டிருந்த விளக்கை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, காவல் நிலையப் புகாரில் அதைக் குறிப்பிடச் செய்ய வேண்டும். மோதிய வாகனம் நிற்காமல் போய், அதை அடையாளம் காண முடியாமற்போனாலும், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கிவரும் மாநிலத்தில், அந்த வண்டி இருட்டிலும் பாதுகாப்பாக வீடு சேர வேண்டும் என்பது எவருக்கும் உடன்பாடான விருப்பமே. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒரு மாலைப் பொழுதில் மாணவர்களின் மிதிவண்டிகளை வரிசையாக நிறுத்தி, பின்விளக்கு எரியாதவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு விளக்குப் பொருத்தித் தர முன்வர வேண்டும்.