உதவித் தொகையும் பட்டாவும்

சர்க்கார் குடியானவருக்கு அளிக்கும் உதவி பெரும்பாலும் விதையாகவோ, உரமாகவோ, கருவிகளுக்குரிய மானியமாகவோ வருவது வழக்கம். பிரதம மந்திரி கிஸான் ஸம்மான் நிதி என்னும் திட்டம் ரொக்கமாகவே வருவது. 2019 பிப்ரவரி 24ந் தேதி தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின்படி, நிலமுடைய குடியானவர் குடும்பத்துக்கு வருஷம் ஒன்றுக்கு ரூ. 6,000, நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரூ. 2,000 வீதம், நேரே பாங்குக் கணக்கில் செலுத்தப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரையில் உள்ளவர்களுக்கே என்றிருந்த வரம்பு 2019ஆம் வருஷத்திலேயே நீக்கப்பட்டது. ஆகவே, ஓர் ஏக்கர் உடையவருக்கும் பத்து ஏக்கர் உடையவருக்கும் தொகை ஒன்றே.

திருத்தணித் தாலூகாவில் கே.ஜி.கண்டிகை போன்ற கிராமங்களில் உள்ள சிறு குடியானவருக்கு, நாற்று விடும் காலத்தில் ரூ. 2,000 என்பது அற்பமன்று. ஆயினும், இத்தொகை நிலத்திலுள்ள பயிரைப் பார்த்து வருவதன்று. கிராமக் கணக்கைப் பார்த்தே வருகிறது. பாட்டனார் காலமாகிப் பல வருஷங்களான பின்னும் பட்டா அவர் பெயரிலேயே நிற்குமாயின், உழுது பயிரிடும் பேரனுக்கு நிலம் உண்டென்பதற்கு ஆதாரமில்லை. 1-2-2019 தேதியின் நிலவரமே நில உரிமைக்கு அடிப்படையாக வைக்கப்பட்டதெனினும், மரணத்தால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அவ்விதியில் விலக்கு உண்டு. ஆதலால், வாரிசுச் சான்றும் பாகப் பத்திரமும் கொண்டு பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதே முதல் வேலை. பிறகு பட்டா, ஆதார், பாங்குக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, ஆதார் சரிபார்ப்பையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

இத்தாலூகா 1960 ஏப்ரல் 1ந் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. எல்லையின் இரு புறமும் நிலமுடைய குடும்பங்கள் இரண்டிடத்திலும் பதிவு செய்தல் கூடாது. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதற்கு ஒரு தொகையே உண்டு. வருமான வரி செலுத்துவோரும், மாதம் ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் பெறுவோரும் இதற்கு உரியவரல்லர். கடைநிலை ஊழியரும் கடைநிலையில் ஓய்வு பெற்றோரும் நீங்கலாகச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் அவ்வாறே.

கிராம உத்தியோகஸ்தர்கள் 2020ஆம் வருஷத்து நிகழ்ச்சியை மறத்தலாகாது. அவ்வருஷம் தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உத்தியோகஸ்தர்களுக்குரிய கடவுச் சொற்கள் பிறர் கைக்குச் சென்றதே இதற்கு வழி செய்தது. பணத்தைத் திருப்பி வசூலிக்கும் வேலை பின்னர் நடந்தது. பட்டியலில் பொய்ப் பெயர் சேர்வதால் உண்மையான குடியானவரும் விசாரணைக்கும் தாமதத்துக்கும் உள்ளாகின்றனர்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தில் 2019இல் தொடங்கிய ரைத்து பரோஸா திட்டத்தில் நிலமற்ற குத்தகைதாரரில் சில வகுப்பினர் சேர்க்கப்பட்டனர். இங்கு அவ்வழி ஏற்படும் வரையில், நிலத்தைக் குத்தகைக்கு விட்டு இத்தொகையைப் பெறும் நிலச்சொந்தக்காரர், அதைப் பயிரிடுவோரின் விதைச் செலவில் சேர்த்தல் நியாயமாகும். விளைச்சல் பெருகினால் இருவருக்கும் நன்மையே.

அடுத்த ஜமாபந்திக்குள் ஒவ்வொருவரும் தம் பட்டாவை எடுத்துப் பார்த்து, குறையிருப்பின் மனுச் செய்து திருத்திக்கொள்வாராக.